15 கோழி, 30 சென்ட்: எங்கள் வீட்டுத் தீனிக் கணக்கு

எங்கள் ஊர்க் கடையில் ‘சோளம்’ என்று கேட்டால் தமிழில் கேட்டவருக்கு ஒன்று கிடைக்கும், மலையாளத்தில் கேட்டவருக்கு வேறொன்று கிடைக்கும். நமக்குச் சோளம் என்றால் வெள்ளைச் சோளம். அவர்களுக்கு அது மக்காச்சோளம். நம் கொள்ளு அவர்களுக்கு முதிர, நம் தட்டைப்பயறு வன்பயர். கோழித் தீனியை வீட்டிலேயே கலக்க ஆரம்பித்த முதல் வாரம் மகனைச் சோளம் வாங்க அனுப்பினேன். அவன் படித்தது மலையாள மீடியம். 20 கிலோ மக்காச்சோளத்தோடு வந்து நின்றான். கோழிகளுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

நாங்கள் இருப்பது கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவே. பாலக்காடு மாவட்டம் என்றதும் மழையையும் நெல்வயலையும் நினைத்துக்கொண்டு வருகிற சொந்தக்காரர்கள் இங்கே இறங்கியதும் திகைத்துப் போவார்கள். சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கம் மழை மறைவுப் பகுதி. செம்மண், பனை, நிலக்கடலை, ஆழமான போர்க் கிணறு. பொள்ளாச்சிப் பக்கத்து மேட்டாங்காடு மாதிரிதான் இருக்கும். வீட்டைச் சுற்றி 30 சென்ட். அதில் வீடு, மாட்டுக்கொட்டகை, தென்னை எல்லாம் போக, விதைக்க 15 சென்ட் கிடைக்கிறது. 14 பெட்டை, ஒரு சேவல். பெட்டைகளில் 6 சிறுவிடை என்கிற நாட்டுக்கோழி, 8 மண்ணுத்தியில் உருவான கிராமலட்சுமி என்கிற முட்டைக்கோழி.

முதல் வருடம் செய்த தப்பிலிருந்து தொடங்குகிறேன். மூட்டைத் தீனியை ஒரே நாளில் நிறுத்திவிட்டுச் சோளமும் குருணையும் மட்டும் போட்டேன். எங்கள் அத்தை காலத்தில் அப்படித்தானே வளர்த்தார்கள் என்ற தைரியம். மூன்றாவது வாரம் முட்டை பாதியானது. அடுத்த மாதம் கோழிகள் ஒன்றின் முதுகு இறகை ஒன்று பிடுங்கித் தின்ன ஆரம்பித்தன. அத்தையிடம் கேட்டேன். “அன்னிக்குக் கோழி காடெல்லாம் சுத்தும், எருக்குழியில பொழுதுக்கும் பொறுக்கும். நீ வேலிக்குள்ள அடைச்சு வெச்சிருக்கியே கண்ணு” என்றார். அதுதான் விஷயம். தானியம் வீட்டில் கொடுத்தார்கள், புழு பூச்சியைக் கோழியே தேடிக்கொண்டது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். வேலிக்குள் கொஞ்சம் மேய்கிற கோழிக்கு நாம் போடவேண்டிய தீனி நாளுக்கு 75 முதல் 80 கிராம். முழுக்க அடைத்து வளர்த்தால் 110, 120 கிராம் வரை போகும். ஒரு முட்டைக்குள் 5, 6 கிராம் புரதம் இருக்கிறது. 75 கிராம் சோளத்தில் இருப்பதே ஏழரை கிராம்தான். தன் உடம்பைப் பார்த்துக்கொண்டு மிச்சத்தில்தான் கோழி முட்டை வைக்கும். மிச்சம் எங்கே இருக்கிறது? முட்டைக் கோழியின் தீனியில் 16 சதவீதமாவது புரதம் வேண்டும். சோளத்தில் 10, மக்காச்சோளத்தில் 9, கம்பில் 11 அல்லது 12, அரிசிக் குருணையில் 8. இவற்றை எப்படிக் கலந்தாலும் 16 வராது. அதனால் வீட்டில் தீனி விளைவிப்பது என்றால் தானியத்தை மட்டும் நினைக்காதீர்கள். பயறு, தழை, புழு, புண்ணாக்கு நான்கையும் சேர்த்து நினையுங்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு வருடத்துக்கு 420 கிலோ தீனி வேண்டும். நான் விளைவிப்பது அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். மற்றதை வாங்குகிறேன். 15 சென்ட்டில் எல்லாமே விளையும் என்று யாராவது சொன்னால், அவருக்குக் கோழி எத்தனை என்று கேளுங்கள்.

சரி, நிலத்துக்கு வருவோம். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற பேச்சைக் கேட்டு முதல் வருடம் ஆடியில் சோளம் விதைத்தேன். ஐப்பசியில் கதிர் முற்றுகிற நேரத்தில் துலாவர்ஷம், அதாவது வடகிழக்குப் பருவமழை, பிடித்துக்கொண்டது. பத்து நாள் நனைந்த கதிர் கறுத்துப் பூசணம் பிடித்துவிட்டது. மாட்டுக்குத் தட்டு கிடைத்ததே தவிர, கோழிக்குத் தானியம் இல்லை. இப்போது ஒரே 10 சென்ட்டில் வருடம் மூன்று போகம் சுழற்றுகிறேன். ஆடி முதல் வாரம் தட்டைப்பயறு. எழுபது நாளில், புரட்டாசி பத்தாம் தேதிவாக்கில் பயறு கைக்கு வந்துவிடும். பயறு விட்டுப்போன மண்ணில் உடனே சோளம். அது மழையில் வளர்ந்து, மழை ஓய்ந்த மார்கழிக் கடைசியில் முற்றும். அறுத்ததும் தை பிறந்து ஒரு வாரத்துக்குள் மக்காச்சோளம். இதற்கு மட்டும் போர்த் தண்ணீர் வேண்டும். சித்திரைக் கடைசியில், இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால், கதிர் காய்ந்து கிடைத்துவிடும். மீதி 5 சென்ட்டில் புரட்டாசியில் கம்பு.

விதை அதிகம் வேண்டாம். 10 சென்ட்டுக்குச் சோளம் 600 கிராம், மக்காச்சோளம் 800 கிராம். 5 சென்ட் கம்புக்கு 100 கிராம் போதும். மக்காச்சோளத்துக்கு வரிசைக்கு வரிசை இரண்டு அடி, செடிக்குச் செடி ஒரு சாண். சோளத்தைத் தூவிவிட்டு, ஒரு சாண் உயரத்தில் நெருக்கமானதைக் கலைத்துவிடுவேன். அப்படிக் கலைத்த சோளப் பயிரை மாட்டுக்குப் போடக் கூடாது, இளம் சோளத்தில் விஷம் உண்டு. அடியுரம் எல்லாவற்றுக்கும் கோழிக்கூட்டுக் குப்பைதான். ஆறு மாதம் மட்க வைத்துப் போட்டால் வேறொன்றும் தேவைப்படவில்லை. சோளம் நல்ல வருடம் 60 கிலோ, போன வருடம் 25. மக்காச்சோளம் 130 கிலோவுக்குக் குறைந்ததில்லை. கம்பு 25, 30. தட்டைப்பயறு 15.

மக்காச்சோளத்துக்கு இப்போது எதிரி படைப்புழு. 2018-இல் நம் நாட்டுக்குள் வந்தது, அதற்கப்புறம் போகவே இல்லை. செடி பதினைந்து நாள் ஆனதிலிருந்து காலையில் ஒரு சுற்று வந்து, குருத்துக்குள் மரத்தூள் மாதிரி எச்சம் தெரிகிற செடிகளில் ஒரு சிட்டிகை சாம்பல் கலந்த மணலைப் போடுவேன். 10 சென்ட் என்பதால் முடிகிறது, ஏக்கர் கணக்கில் வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். செடி முழங்கால் உயரம் வந்ததும் சாயங்காலம் ஒரு மணி நேரம் கோழிகளை உள்ளே விடுகிறேன். கீழே விழுகிற புழு அவற்றுக்கு, மருந்துச் செலவு மிச்சம் எனக்கு. மருந்து அடித்த காட்டுக்குள் இதைச் செய்யாதீர்கள்.

மயிலைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரில் விவசாயம் எழுத முடியாது. விதைத்த அன்றைக்கே வந்துவிடும். வரிசை பிடித்து நடந்து, ஒரு குழி விடாமல் கிளறும். பாலக்காடு மாவட்டத்தில் சூலனூரில் மயிலுக்கென்றே சரணாலயம் இருக்கிறது. எங்கள் காடும் அதன் கிளை என்று மயில்கள் நினைத்துக்கொண்டிருக்கின்றன. சட்டப்படி தொடக் கூடாது, முருகன் வாகனம் என்பதால் அத்தை திட்டவும் விடமாட்டார். விதைத்த இடத்தில் தென்னங்கீற்றைப் பரப்பி, முளை இரண்டு அங்குலம் வந்ததும் எடுத்துவிடுகிறேன். கதிர் பிடிக்கும்போது பழைய சேலையைக் கிழித்துக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுகிறேன். பளபளப்பான சேலையாக இருந்தால் இரண்டு வாரம் பயப்படும்.

வேலியோரம் முழுவதும் முருங்கையும் அகத்தியும். முருங்கைக்குப் போத்து நட்டால் போதும், அகத்திக்கு விதை. இவை இரண்டும்தான் நான் செய்தவற்றில் குறைந்த செலவில் நிறையப் பலன் தந்தவை. நிழலில் உலர்த்திய முருங்கைத் தழையில் நூற்றுக்கு 25 பங்கு புரதம். வாரம் ஒரு தடவை நான்கு கொம்பை வெட்டிக் கொட்டகையில் தலைகீழாகத் தொங்கவிடுவேன். மூன்றாம் நாள் உலுக்கினால் இலை கொட்டும், கசக்கிச் சாக்கில் கட்டிவைப்பேன். அகத்தியைப் பச்சையாகவே கோழியின் கழுத்து உயரத்தில் கட்டிவிடுவேன். தரையில் போட்டால் மிதித்தே பாதியை வீணாக்கும். தழை கொடுக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. வெள்ளைச் சோளம் அதிகம் தின்கிற கோழியின் மஞ்சள் கரு வெளுத்துப் போகும். பக்கத்து வீட்டுச் சேச்சி என்னிடம் வாரம் 10 முட்டை வாங்குகிறவர். “இது பிராய்லர் முட்டையோ?” என்று கேட்டே விட்டார். தழையை இரட்டிப்பாக்கிய இரண்டு வாரத்தில் கரு மறுபடி ஆரஞ்சானது, சேச்சியும் சமாதானமானார்.

தண்ணீரில் மிதந்து வளர்கிற அசோலா என்கிற சின்னச் செடிக்குக் கொஞ்சம் அதிகமாகவே புகழ் கிடைத்துவிட்டது என்பது என் எண்ணம். போடுவது எளிது. நிழலில் 6 அடிக்கு 6 அடி குழி, செங்கல் கட்டி சில்பாலின் என்கிற பிளாஸ்டிக் விரிப்பு, சலித்த மண் 10 கிலோ, கரைத்த சாணம் 2 கிலோ, 30 கிராம் சூப்பர் பாஸ்பேட், நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர், மேலே ஒரு கிலோ விதை அசோலா. இரண்டு வாரத்தில் மூடிக்கொள்ளும், அப்புறம் தினமும் அரை கிலோ அள்ளலாம். பத்து நாளுக்கு ஒரு தடவை கால் பங்கு தண்ணீரை மாற்றிக் கொஞ்சம் சாணம் கரைத்து ஊற்றவேண்டும். ஆனால் கணக்கைப் பாருங்கள். அரை கிலோ பச்சை அசோலாவில் தண்ணீர் போக மிஞ்சுவது 35 கிராம். அதில் புரதம் 8, 9 கிராம். 20 கிராம் கடலைப் புண்ணாக்கில் அது கிடைத்துவிடும். அசோலா போட்டால் புண்ணாக்கே வேண்டாம் என்று கேட்டு நம்பி, நான் ஒரு மாதம் வீணாக்கினேன். கீரை மாதிரி நினைத்துப் போடுங்கள், நல்லது. கஞ்சிக்குப் பதிலாக நினைக்காதீர்கள்.

வெயிலில் குழி போட்டால் அசோலா சிவந்து போகும். எங்கள் ஊரில் வேறொரு தொந்தரவும் உண்டு. மார்கழியிலும் தையிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று, குழியில் இருக்கிற அத்தனை அசோலாவையும் ஒரு மூலைக்குத் தள்ளிக் குவித்துவிடும். குவிந்தது அழுகும். குறுக்கே இரண்டு மூங்கில் போட்டு மூன்று பாத்தியாகப் பிரித்ததும் சரியானது. அள்ளியதைச் சல்லடையில் மூன்று தண்ணீர் கழுவித்தான் போடவேண்டும். சாண வாடை இருந்தால் கோழி மோந்துகூடப் பார்க்காது.

புழுவுக்குப் பழைய முறை கரையான் பானைதான். உடைந்த வாயுள்ள பழைய பானைக்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், மக்கிய பாளை, மட்டை இவற்றைத் திணித்துத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். விடிந்ததும் திறந்தால் பானை முழுக்கக் கரையான். வெயில் ஏறினால் மண்ணுக்குள் இறங்கிவிடும், அதனால் காபிக்கு முன்னால் இந்த வேலை. கோழிக்குஞ்சுக்கு இதைப்போல ஒரு தீனி இல்லை. மழைக்காலத்தில் அவ்வளவாகக் கிடைக்காது.

பலாச் சீசனில் வேறு வழி இருக்கிறது. சக்கைத் தோல், சடை, அழுகின மாம்பழம் எல்லாவற்றையும் ஒரு டிரம்மில் போட்டு, மூடியில் விரல் நுழைகிற ஓட்டைகள் போட்டு வைத்தேன். பத்து நாளில் கறுப்பாக, குளவி மாதிரி ஒல்லியான ஈ வந்து முட்டையிட்டது. வீட்டு ஈ இல்லை, இந்த ஈ சோற்றில் வந்து உட்காராது. இதன் புழுவில் காய்ந்த எடையில் 40 சதவீதம் புரதம். முற்றிய புழு கறுத்து, தானே மேலேறி வெளியே போகப் பார்க்கும். டிரம்முக்குள் சாய்வாக ஒரு பைப்பைச் செருகி மறுமுனையில் வாளி வைத்தால் அதில் வந்து விழும். டிரம்மில் கறி, மீன், செத்த எதையும் போடாதீர்கள். நாற்றம் ஒரு பக்கம். செத்த உடலில் வளர்ந்த புழுவைத் தின்ற கோழிக்குக் கழுத்துத் தொங்கி வாதம் மாதிரி வந்து சாகும். அது அந்த அழுகலில் உண்டாகிற விஷம்.

இனி கலவை. 10 கிலோவுக்கு நான் போடுவது இது: மக்காச்சோளம் 3 கிலோ, சோளமோ கம்போ 2 கிலோ, குருணை அரை கிலோ, தவிடு 1 கிலோ, கடலைப் புண்ணாக்கு 1 கிலோ 200 கிராம், எள்ளுப் புண்ணாக்கு அரை கிலோ, வறுத்த தட்டைப்பயறு அரை கிலோ, முருங்கைத் தூள் 300 கிராம், கருவாட்டுத் தூள் 300 கிராம், கிளிஞ்சல் நொறுக்கியது 700 கிராம். புரதம் 16 சதவீதத்தைத் தொட்டு நிற்கும். கடலைப் புண்ணாக்கு, எள்ளுப் புண்ணாக்கு, கருவாடு, கிளிஞ்சல் நான்கும் கடையில் வாங்குவது. பயறைக் கட்டாயம் வறுக்கவேண்டும், பச்சைப் பயறில் புரதத்தைச் செரிக்க விடாத சத்து ஒன்று இருக்கிறது, சூட்டில்தான் அது போகும். கொள்ளுக்கும் இதே கதை. கருவாடு உப்புப் போட்டதாக இருந்தால் வேறு உப்பு வேண்டாம், இல்லையென்றால் 30 கிராம் உப்பு. கருவாட்டைக் கூட்டிவிட்டால் முட்டையில் மீன் வாடை அடிக்கும். சேச்சிக்கு அதில் ஆட்சேபம் இல்லை, என் மகளுக்கு இருந்தது.

தானியத்தை மில்லில் கொடுத்து ஒன்றிரண்டாக உடைத்து வாங்குங்கள். மாவாக அரைத்தால் அலகில் ஒட்டும், காற்றில் போகும். கலக்கும்போது உப்பு, முருங்கை, கருவாடு போன்ற குறைந்த அளவுப் பொருள்களை முதலில் தவிட்டோடு பிசறிக்கொண்டு, அப்புறம் மற்றதோடு சேர்க்கவேண்டும். பழைய தீனியிலிருந்து ஒரே நாளில் மாறாதீர்கள், கால் பங்கு, அரைப் பங்கு என்று பத்து நாளில் மாற்றுங்கள். காற்றுக் காலத்தில் நான் கஞ்சித் தண்ணீரில் பிசறிப் போடுகிறேன். பிசறியது அன்றைக்கே தீரவேண்டும்.

ஒரு முட்டை ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து போகிறது. அதனால் கலவையில் போட்டது போக, ஒரு கொட்டாங்குச்சியில் தனியாகவும் கிளிஞ்சல் வைத்திருக்கிறேன். தேவைப்படுகிற கோழி தானே போய்க் கொத்தும், சேவல் அந்தப் பக்கம் போகாது. ஆனால் இந்தக் கலவையை முட்டைக்கு வராத குஞ்சுகளுக்குப் போடக் கூடாது. அவ்வளவு சுண்ணாம்பு அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். குஞ்சுக்கு எட்டு வாரம் வரை உடைத்த கம்பு, கேழ்வரகு, கடலைப் புண்ணாக்கு கொஞ்சம், அவித்த முட்டை, கரையான்.

பூசணத்தைப் பற்றி நான் பயமுறுத்தத்தான் போகிறேன். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. கடைசியில் பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு என்று கண்டுபிடித்தார்கள். அஃப்ளாடாக்சின் என்ற பூசண விஷம் அப்படித்தான் தெரியவந்தது. ஒரு கர்க்கடக (ஆடி) மாதம் மழையில் நான் மலிவாகக் கிடைத்ததென்று ஒரு மூட்டைப் புண்ணாக்கு வாங்கிப் போட்டு மூன்று கோழியை இழந்தேன். அறுத்துப் பார்த்த மருத்துவர் மஞ்சளாக வெளுத்துப்போன ஈரலைக் காட்டினார். இப்போது புண்ணாக்கை இரண்டு வாரத்துக்கு மேல் வாங்கி வைப்பதில்லை. உடைத்து மோந்து பார்த்து, சிக்கு வாடை அடித்தால் தென்னைக்குப் போட்டுவிடுவேன். தானியம் கடித்தால் ‘டக்’ என்று உடையும்வரை காயவேண்டும், ஈரம் 12 சதவீதத்துக்குக் கீழே இருக்கவேண்டும். காய்ந்த சூடு ஆறினபிறகு டிரம்மில் கொட்டி, உலர்ந்த நொச்சித் தழை போட்டு மூடுகிறேன்.

வேறு சில எச்சரிக்கைகளும் உண்டு. ஆமணக்குப் புண்ணாக்கும் வேப்பம் புண்ணாக்கும் உரத்துக்கு மட்டும். ஆமணக்கு உயிரையே எடுக்கும். மாட்டுக்குப் போடுகிற பருத்திக்கொட்டையைக் கோழிக்குக் காட்டாதீர்கள், எடுத்து வைத்த முட்டையின் கரு பச்சை பூத்துப்போகும். குச்சிக்கிழங்கையும் (மரவள்ளி) அதன் தோலையும் பச்சையாகப் போடாதீர்கள், வேகவைத்துத் தண்ணீரை வடித்தால் கிழங்கு நல்ல தீனி, புரதம் மட்டும் இருக்காது. விதைத்து மிஞ்சின மக்காச்சோளம் சிவப்புச் சாயத்தோடு இருந்தால் அது மருந்து கலந்த விதை. ஒரு நாள் அத்தை அதை வீணாவானேன் என்று முறத்தில் எடுத்துக்கொண்டு கூட்டுப் பக்கம் போய்விட்டார். நான் துணி துவைத்த கையோடு ஓடியதில் தப்பித்தன.

தினசரி காலண்டரில் அன்றன்றைய முட்டை எண்ணிக்கையை எழுதிவைக்கிறேன். தீனியில் ஏதாவது தப்பு என்றால் அங்கேதான் முதலில் தெரியும். தோல் முட்டை வந்தால் கிளிஞ்சல், இறகு பிடுங்கினால் புரதமும் உப்பும், கரு வெளுத்தால் தழை. இப்போது நாளுக்கு 6 வருகிறது, சிறுவிடைகள் அடைக்கு உட்கார்ந்தால் 4. முட்டை ஓட்டை வறுத்து நொறுக்கி அதே கொட்டாங்குச்சியில் போடுகிறேன். வறுக்காமல் பாதி ஓடாகப் போட்டதில் ஒரு கிராமலட்சுமி முட்டை குடிக்கப் பழகிவிட்டது. அதை மட்டும் இன்னும் மாற்ற முடியவில்லை, காலை ஒன்பது மணிக்கு அந்தக் கோழியை முந்தி ஓடிப்போய் நான்தான் முட்டை எடுக்கிறேன்.